ஐந்தாவது தறிக்கு எண்ணெய்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பேர் தினமும் தொலைக்காட்சியில் வரும். முருகனுக்காக அல்ல, வெயிலுக்காக. அதிக வெப்பம் பதிவான இடங்கள் என்று செய்தியில் வாசிக்கத் தொடங்கினால் வேலூருக்கு முன்னாலோ பின்னாலோ திருத்தணி வந்தே தீரும். அம்மா அந்த நேரம் பார்த்து டிவிக்கு முன்னால் விசிறியோடு உட்கார்ந்து, தன் பிள்ளை பரீட்சையில் வாங்கிய மார்க்கைக் கேட்பதுபோலக் கேட்பாள். வேலூர் முந்திக்கொண்ட நாளில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

இந்த வெயிலில்தான் நான் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பிழைக்கிறேன். கட்டப்போகிற அடுக்குமாடி வீடுகள் கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே படமாகச் செய்து தருவது என் வேலை. விளம்பரங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சோபா, சன்னலோரம் பச்சைச் செடி, தரையில் இதமான வெளிச்சம், யாருக்குமே வியர்க்காத ஒரு குடும்பம். அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது, கண்ணாடியில் எப்படித் தெறிக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் போட்டுத்தான் ஒரு படம் வெளியே வரும். அதற்கு மணிக்கணக்காகும். அத்தனை நேரமும் அது கொதிக்கும். குளுகுளு வரவேற்பறைகளைச் செய்கிற அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தால் அடுப்பங்கரை தேவலாம் என்றிருக்கும்.

எங்கள் வீடு கே.ஜி.கண்டிகை போகிற சாலையில் இருக்கிறது. முன்னால் இரண்டு அறை, பின்னால் தறி ஷெட். நாலு விசைத்தறி. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவும் அம்மாவும் அதில் லுங்கி நெய்கிறார்கள். என் அறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு சன்னல் உண்டு. கதவு போட்ட சன்னல்தான். ஆனால் கோடையில் அதைச் சாத்தி வைத்தால் நான் வெந்துபோவேன் என்பதால் திறந்தே கிடக்கும். சன்னலை ஒட்டி மேசை. மேசைக்குப் பக்கத்தில் ஒரு பலகைமேல், முதுகைச் சன்னலுக்குக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டர். தறி ஓடும்போது மேசைமேல் வைத்த டீ டம்ளர் தானாக நகரும். சாயங்காலத்துக்குள் திரைமேல் மெல்லிசாகப் பஞ்சு படிந்துவிடும்.

இதற்கு முன்னால் நான் பல வருஷம் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியற்காலை மின்சார ரயிலில் திரும்பிப்போகிற வாழ்க்கை. கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்குத் துரத்தியபோது நானும் வந்தேன். பிறகு எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். நான் மட்டும் எங்கள் மேலாளரிடம் மல்லுக்கு நின்று, வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். காரணமாக அம்மாவின் முட்டிவலியைச் சொன்னேன். முட்டிவலி உண்மைதான். ஆனால் அது காரணம் இல்லை. எனக்கு இங்கே பிடித்திருந்தது. மத்தியானம் சுடுசோறு, அம்மாவின் நக்கல், தறிச் சத்தம் நின்றதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோலத் தோன்றுகிற அந்த ஒரு நிமிஷம். கல்யாணப் பேச்சை இங்கே நான் பேசப்போவதில்லை. அதை எங்கள் தெரு பேசி முடித்துவிட்டது.

எனக்குப் பிடித்திருக்கிறது என்று நான் வீட்டில் சொன்னதில்லை. நீ இருப்பது நன்றாயிருக்கிறது என்று நைனாவும் சொன்னதில்லை. அவர் பேசாத மனுஷர் ஒன்றும் இல்லை. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர். அப்படிக் கத்திச் சொல்ல முடியாத சங்கதிகளை விட்டுவிடுவார், அவ்வளவுதான்.

போன சித்திரையில் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. பாதிக் கணக்கில் திரை கறுத்துவிடும். திறந்து பார்த்தால் உள்ளே இருக்கிற விசிறியில் பஞ்சு அடைத்திருக்கும். எடுத்துவிட்டால் ரெண்டு நாள் ஓடும். ஒரு பெரிய வேலை இப்படிப் பாதியில் நின்று, கட்டுமானக்காரர் சத்தம் போட்டு, மேலாளர் என்னைக் கூப்பிட்டார். தறிச் சத்தத்தில் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது என்பதால் நான் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். ஆக, எங்கள் ஆபீஸ் ரகசியங்கள் எல்லாம் ஷெட்டுக்கும் தெரியும். இன்னொரு தடவை உங்கள் மெஷின் நின்றால் பேசாமல் ஆபீசுக்கே வந்துவிடுங்கள், இங்கே நல்ல மெஷின் இருக்கிறது, ஏசியும் இருக்கிறது என்று அவர் மரியாதையாகவே சொன்னார். நான் சரி சார் என்றேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் நைனா அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கிட்டை வாங்கினேன். விசிறிக்குப் பதிலாகத் தண்ணீர் வைத்துச் சூட்டை இறக்குகிற சாமான். எல்லாம் கம்பெனியிலேயே பொருத்தி, தண்ணீரும் அடைத்து, சீல் வைத்தே வரும். சின்ன பம்ப் ஒன்று கம்ப்யூட்டரின் மூளைமேல் உட்கார்ந்துகொள்ளும். அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய் கிளம்பி ஒரு ரேடியேட்டருக்குப் போகும். லாரி முன்னால் இருக்குமே, அதன் குட்டி. ரேடியேட்டரை ஊதி ஆற்ற இரண்டு விசிறி. இந்தக் கடைசி வரியை வாங்குவதற்கு முன்னால் நான் சரியாகப் படிக்கவில்லை. தண்ணீர் என்றால் காற்று வேண்டாம், காற்று வேண்டாமென்றால் பஞ்சு ஏறாது என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தறிக்காரர் வீட்டுக் கணக்கு. பஞ்சு ஏறாத ஒரு பொருள் உலகத்தில் எங்கேயாவது இருக்கவேண்டும் என்பது எங்களுக்கு ஒரு ஆசை.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவர் வந்து மாட்டிக்கொடுத்தார். பெட்டிக்குள் மேலே இடமில்லை என்று ரேடியேட்டரை அடியில் படுக்கவைத்துவிட்டார். வாரத்துக்கு ஒருமுறை புளோயரால் ஊதிவிடுங்கக்கா, வேறு ஒன்றும் செய்யவேண்டாம், தண்ணியும் மாற்றவேண்டாம் என்றார். அம்மாவுக்கு அது திருப்தியாக இல்லை. ஏர்கூலரில் ஊற்றுகிற மாதிரி ஊற்றவேண்டாமா, நம்ம போர் தண்ணி உப்பாச்சே, கேன் தண்ணி வாங்கி வைக்கட்டுமா என்று வரிசையாகக் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து தண்ணி எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு போனார். அந்த வெள்ளிக்கிழமையே பெட்டி நெற்றியில் மஞ்சள் குங்குமம் ஏறிவிட்டது.

நைனா மட்டும் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர் பார்த்தது அந்த ரப்பர் குழாயை. குழாய்க்கு மேலே கறுப்பு நூலால் பின்னிய உறை ஒன்று போட்டிருந்தார்கள். அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நல்லா பின்னிக்கிறான்," என்றார். அந்தச் சாமானுக்கு அவர் கொடுத்த சான்றிதழ் அது. அன்றிலிருந்து அது என்னுடைய பொருள் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

கிட் நன்றாகத்தான் வேலை செய்தது. கத்திரி வெயிலில் கூட ஒரு படமும் பாதியில் நிற்கவில்லை. அக்னி நட்சத்திரத்தையே ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலாளர் நல்ல வார்த்தை சொன்னதை வேண்டுமென்றே ஸ்பீக்கரில் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. கரண்ட் போனால் தறி நாலும் ஒரே நேரத்தில் நிற்கும். என் பெட்டி மட்டும் யூபிஎஸ் புண்ணியத்தில் கொஞ்ச நேரம் ஓடும். அந்த அமைதியில் அது களகளவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. சொம்பில் மிச்சத் தண்ணீர் ஆடுகிற மாதிரி ஒரு சத்தம். எத்தனை நாளாகப் போடுகிறதோ, தறி ஓடும்போது யாருக்குக் கேட்கும்? நைனா சன்னலில் வந்து நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எண்ணெய் கேக்குது பாப்பா," என்றார்.

தறி ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு வேதவாக்கு. சுற்றுகிற பொருள் சத்தம் போட்டால் அதற்கு எண்ணெய் வேண்டும். எங்கள் தெருவில் காலையில் பல் விளக்குகிறார்களோ இல்லையோ, தறிக்கு எண்ணெய் விடாமல் சுவிட்சைத் தொடமாட்டார்கள். நீள மூக்கு வைத்த தகர கேன் ஒன்று இருக்கும். அதன் அடியைக் கட்டைவிரலால் அமுக்கினால் டக் டக் என்று சொட்டும். நைனா நாலு தறிக்கும் அந்த கேனோடு ஒரு சுற்று சுற்றி வருவார். குலசாமிக்கு விளக்கேற்றுகிற அக்கறை அதில் இருக்கும்.

நான் அவருக்கு விளக்கினேன். இது சீல் பண்ணியது, உள்ளே இருப்பதை யாரும் திறக்கக்கூடாது, எண்ணெய் தண்ணீர் எதுவும் கொடுக்கத் தேவையில்லை, அந்தச் சத்தம் உள்ளே இருக்கிற காற்று, தானாகப் போய்விடும் என்று பாடம் நடத்தினேன். அவர் "ஆங்" என்றார். எங்கள் நைனாவின் ஆங் ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் இல்லை. காதில் விழுந்ததற்கு ரசீது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் அவரோடு இருந்தும் அதை மறந்துபோனேன்.

அதற்கப்புறம் அம்மா ஒரு விஷயத்துக்காகப் புலம்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு தையல் மெஷின் உண்டு. அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைப்பாள். அதன் இழுப்பறையில் இருக்கிற தையல் மெஷின் எண்ணெய் பாட்டில் காலியாகிக்கொண்டே போகிறதாம். புதுசு வாங்கி வைத்தால் அதுவும் இறங்குகிறதாம். யார் இதை எடுத்துக் குடிக்கிறீர்கள் என்று என்னையும் நைனாவையும் பொதுவாகக் கேட்டாள். நான் சிரித்தேன். நைனாவும் சிரித்தார்.

ஆனியில் வெயில் தணிந்தது. ஆடி பிறந்து காற்று கிளம்பியது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பஞ்சு பறக்கக் கேட்கவா வேண்டும். ஊர் குளிர்ந்துகொண்டிருந்தபோது என் பெட்டி மட்டும் சூடாகிக்கொண்டிருந்தது. நான் வாராவாரம் வெளியிலிருந்து புளோயரால் ஊதினேன். ஒன்றும் பயனில்லை. திரையின் மூலையில் சூட்டைக் காட்டுகிற எண் ஏறிக்கொண்டே போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கிட்டை விற்றவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஏமாற்றுக்காரர்கள் என்கிற வார்த்தையை மட்டும்தான் அதில் விட்டுவைத்தேன். அவர்கள் பொறுமையாக, ரேடியேட்டரின் படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள் என்று பதில் போட்டார்கள். கழற்றி மாட்ட நேரமில்லை. கிருத்திகைக்கு மறுநாள் ஒரு பெரிய வேலை கொடுத்தாகவேண்டும். அது முடியட்டும் என்று இருந்தேன். அது நின்றால் எனக்கு ரயில்தான் என்று எனக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும்.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊர் எங்களுடையதாக இருக்காது. பரணியிலிருந்தே ஆந்திராப் பக்கமிருந்து பஸ்ஸும் வேனுமாக வந்து இறங்கிக்கொண்டிருப்பார்கள். தெருவெல்லாம் மொட்டை, மஞ்சள் துணி, காவடி, அரோகரா. தெப்பம் முடிகிறவரை தறிகள் நிற்கும். நைனா வருஷம் தவறாமல் புஷ்பக்காவடி எடுப்பார். கிருத்திகையன்று விடிந்ததும் தலைக்குக் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, மாலை போட்டு, நெற்றி நிறையத் திருநீறும் சந்தனமுமாகத் தயாராகிவிடுவார். மலையிலிருந்து இறங்குகிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

அன்றைக்கு நான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு அறைக்கு வந்தேன். பெட்டி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. தறிகள் ஓடாத வீடு நிசப்தமாக இருந்தது. அந்த நிசப்தத்தில் டக் டக் என்று கேட்டது.

தறியே ஓடாத நாளில் எண்ணெய் கேன் சத்தம் ஏன் கேட்கவேண்டும்? சன்னலைப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து கம்பிகளுக்கு நடுவில் கேனின் நீள மூக்கு உள்ளே வந்திருந்தது. பெட்டியின் முதுகில் மூடி இல்லாத ஒரு சந்து உண்டு. அதற்குள் மூக்கு நுழைந்திருந்தது. கேனைப் பிடித்திருந்த கையில் சந்தனம் காயவில்லை. மஞ்சள் வேட்டியும் மாலையுமாக, கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒரு சொட்டும் வீணாகாமல் விட்டுக்கொண்டிருந்தார் நைனா. என் பெட்டி அவருக்கு ஐந்தாவது தறியாகி எத்தனை நாளானதோ தெரியாது. நான் குளிக்கப்போகிற நேரம்தான் அவர் தறிகளுக்கு எண்ணெய் விடுகிற நேரம். அம்மாவின் எண்ணெயை யார் குடித்தார்கள் என்பதும் அந்த நிமிஷமே தெரிந்துபோனது.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அன்றைக்கு உச்சிக்கு ஏறியது. காவடி எடுக்கிற மனுஷர், விரதத்தில் இருக்கிறார் என்றெல்லாம் தோன்றவில்லை.

"நைனா, இது தறியில்ல. எத்தினி தபா சொன்னேன்? உன்ன யாரு இதுல கைவைக்கச் சொன்னது?"

அவர் கேனை மெதுவாக வெளியே இழுத்தார். மூக்கில் தொங்கிய சொட்டை விரலால் துடைத்தார். தறி எண்ணெய் விடவில்லை, இது சின்னச் சாமானாச்சே என்று அம்மாவின் நைஸ் எண்ணெயைத்தான் விட்டேன் என்றார். அதைக் கேட்டு எனக்கு இன்னும் ஏறியது. எந்த எண்ணெயும் வேண்டாம் என்று சொன்னேனா இல்லையா, அப்புறம் எதற்கு என்று கத்தினேன். அம்மா பூத்தட்டோடு வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"நின்னுட்டா நீ ரயில் ஏறிடுவ இல்ல," என்றார் நைனா.

கத்திச் சொல்லவில்லை. தறி ஓடியிருந்தால் எனக்குக் கேட்டே இருக்காது.

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. கோபத்தில் இருக்கிறவளுக்கு நடுவில் எப்படி இறங்கிவருவது என்று தெரியாது. அவரும் காத்திருக்கவில்லை. கேனை ஷெட்டில் வைத்துவிட்டு, கையைத் திரும்பக் கழுவி, திரும்பச் சந்தனம் பூசிக்கொண்டு, காவடியைத் தோளில் ஏற்றினார். தெருமுனை திரும்புகிறவரை அரோகரா சத்தத்தில் அவர் குரல் எது என்று தேடிக்கொண்டு நின்றேன்.

உச்சிவேளைக்கு முன்னாலேயே பெட்டி நின்றது. திரும்பப் போட்டேன், திரும்ப நின்றது. கடைக்காரரைக் கூப்பிட்டால் அவர் குடும்பத்தோடு மலைமேல் இருந்தார். ஊரில் ஒரு ஆட்டோ நகர முடியாது. மேலாளரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார். ஸ்பீக்கரில்தான் பேசினேன், பழக்கதோஷம். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

நைனா இறங்கி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. செருப்பில்லாமல் நடந்த கால் கன்றியிருந்தது. எனக்குத் திருநீறு பூசிவிட்டு, பெட்டியின் நெற்றியிலும் கொஞ்சம் வைத்தார். பிறகு ஓடுதா என்று கேட்டார். நின்னுடுச்சி நைனா என்றேன். அவர் சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா ரெண்டாம் முறை ரசம் ஊற்ற வந்தபோதும் இலையில் முதல் சோறு அப்படியே இருந்தது.

தெப்பம் முடிந்து கடைக்காரர் வந்து பெட்டியைத் திறந்தார். ரேடியேட்டர் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு கிடந்தது. எண்ணெயில் பஞ்சு ஊறி, அதன்மேல் எண்ணெய், அதன்மேல் பஞ்சு என்று அமுங்கி, கையால் உரித்தால் ஒரே தகடாக வந்தது. இத்த விரிச்சிப் படுக்கலாம் போலகீதே என்றாள் அம்மா. நைனாவுக்குப் பிடித்த அந்தப் பின்னல் உறை எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு, உள்ளே ரப்பரை உப்பவிட்டிருந்தது. இனி இது ஆகாது என்றார் கடைக்காரர். கூடவே தலையைச் சொறிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னார். ரேடியேட்டரை அடியில் வைத்ததால் உள்ளே இருந்த காற்றெல்லாம் மேலே பம்புக்கு ஏறிவிட்டதாம், அதுதான் அந்தக் களகள. தன்னுடைய தப்புதான், புதுசு வாங்கினால் பெரிய பெட்டியாக வாங்குங்கள், மேலே மாட்டித் தருகிறேன் என்றார். ஆக, நைனா கண்டுபிடித்த நோய் சரி. மருந்துதான் பிள்ளையார் பிடிக்கக் குரங்காகப் போனது. விற்றவர்கள் கேட்ட ரேடியேட்டர் படத்தை நான் அனுப்பவில்லை. மன்னிக்கவும், சரியாகிவிட்டது என்று இரண்டு வரி எழுதிப்போட்டேன்.

இப்போது புது கிட் மாட்டியாகிவிட்டது. ரேடியேட்டர் மேலே இருக்கிறது, சத்தமே இல்லை. சன்னலுக்குக் கொசுவலை அடித்தாயிற்று. நைனா காலையில் நாலு தறிக்கு எண்ணெய் விட்டு முடித்ததும் வலையில் ஒட்டின பஞ்சைப் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறார். ஆனால் அந்தப் பெட்டி நன்றாக ஓடுகிறது என்பதைச் சொல்வதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை. சொல்ல வந்தது புது கிட் வருவதற்கு முன்னால் நடந்தது.

புது சாமான்கள் வந்து சேரும்வரை நான் தினமும் சென்னைக்குப் போய்வந்தேன். ஹாஸ்டலில் தங்கிக்கொள்ளலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். விடியற்காலை நைனா மொபெட்டில் என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விடுவார். போகிற வழியில் ஒரு வார்த்தை பேசமாட்டார். நானும் பேசவில்லை. பெட்டியைப் பற்றிப் பேசினால் எண்ணெயைப் பற்றிப் பேசவேண்டும் என்று இரண்டு பேருக்கும் பயம். ரயில் கிளம்புகிறவரை பிளாட்பாரத்தில் நிற்பார். அப்புறம் திரும்பிப்போய்த் தறியைப் போடுவார். அவர் ஒரு மாதிரி மெலிந்துவிட்டார் என்று அம்மா சொன்னாள். அவளே போட்டு உடைத்தாள்: "நீ ஆஸ்டல்லியே தங்கிடுவியாம். அதான் தூங்கமாட்டேன்றாரு."

அதைக் கேட்டு எனக்கு வந்ததும் முதலில் கோபம்தான். இந்தத் தடவை என்மேலேயே வந்தது. ஒரு பம்புக்கும் இரண்டு குழாய்க்கும் இருந்த கௌரவத்தை நான் என் நைனாவுக்குக் கொடுக்கவில்லை. நான் இங்கே இருப்பது என் விருப்பத்தால் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? முட்டிவலி என்றேன், மெஷின் என்றேன், மேலாளர் என்றேன். மகளை வீட்டில் நிறுத்தி வைத்திருப்பது அந்தப் பெட்டிதான் என்று அவர் நம்பியிருந்தால் அதில் என்ன தப்பு? தெரிந்த ஒரே வைத்தியத்தை அதற்குச் செய்தார்.

மறுநாள் காலை பிளாட்பாரத்தில் ஒரே பால்கேனும் பூக்கூடையுமாகக் கிடந்தது. அரக்கோணம் வேலைக்குப் போகிறவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நைனா வழக்கம்போலத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் தூரத்தில் தெரிந்தது.

"நைனா, இங்க இருக்கறதுதான் எனக்குப் புடிச்சிகீது. ஆபீசுல ஒத்துக்கலன்னா நம்ம ஊர்லியே வீட்டு பிளான் போட்டுக் குடுத்துப் பொழச்சிக்குவேன். நான் எங்கியும் போவமாட்டேன்."

அவர் தண்டவாளத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரயில் உள்ளே வந்து நின்றது. ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள். நான் ஏறி வாசலோரம் நின்றேன். அவர் கிட்டே வந்தார்.

"மெஷின் நின்னாக்கூடவா?"

"நின்னாக்கூட."

ஆங் என்று அவர் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகம் முழுக்கத் துடைத்துக்கொண்டார். ரயில் கிளம்பியது. எனக்கும் கண் எரிந்தது. அதை ஆடிக்காற்றின் தூசிமேல் போட நான் விரும்பவில்லை. அழுதேன்.

மேலாளரிடம் அன்றைக்கே பேசினேன். அவர் பார்க்கலாம் என்றார். அது பிறகு நடந்த கதை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நைனா கொல்லைப்பக்கம் நின்று யாரோடோ கத்திப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா தையல் மெஷினில் ஒரு ரவிக்கையை முடித்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். உள்ளே எண்ணெய் பாட்டில் இருந்தது. புதுசு, மூடிகூடத் திறக்காதது. மத்தியானமே கடைக்குப் போய் வாங்கிவந்து அவரே வைத்துவிட்டுப் போனாராம். தனக்கு இனி இது தேவைப்படாது என்று சொன்னாராம்.